மூன்று தொட்டிகளின் ஊர்: சாம்பியன் ரீப்ஸில் நீரும் கழிவும் நின்ற அடித்தளங்கள்

கோலார் தங்க வயலின் வரலாறு பெரும்பாலும் ஆழத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சாம்பியன் ரீப் சுரங்கம் தரைமட்டத்துக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் கூடுதலாக இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டமையால், எழுதுவோரின் கவனம் கிஃபர்ட் ஷாஃப்ட் போன்ற செங்குத்துக் குழிகளின் மேலும், அவற்றிலிருந்து வெளிவந்த பொன்னின் மேலும் தங்கிவிட்டது இயல்பே. எனினும் சுரங்கத்தில் இறங்கியவர்கள் வாழ்ந்தது தரைக்கு மேலே. அங்கே பல்லாயிரம் பேர் நெருங்கி வாழவும் ஆலைகள் இரவு பகலாக ஓடவும் முடிந்ததென்றால், அதற்கு நீரைச் சிந்தாமல் கசியாமல் அடக்கி வைக்கும் தொட்டிகள் வேண்டியிருந்தன. பொன்னைக் கரைத்தெடுக்கும் கரைசலுக்கு ஒரு தொட்டி, குடிநீருக்கு ஒரு தொட்டி, மனிதக் கழிவுக்கு ஒரு தொட்டி என்னும் இம்மூன்றும் எந்த வரிசையில், எத்தகைய அடித்தளத்தின் மேல் எழுந்தன என்று ஆராய்ந்தால், அந்த நகரம் யாரை முன்னிறுத்திக் கட்டப்பட்டது என்பதும் தெளிவாகும்.

தொட்டியின் அடித்தளம் வீட்டின் அடித்தளத்திலிருந்து வேறுபட்டது. கொத்தனார்கள் கடைக்கால் என்று சொல்லும் பள்ளத்தைச் சுவர் வரும் கோட்டில் மட்டும் தோண்டி, அதில் கல்லும் கலவையும் நிரப்பினால் வீடு நின்றுவிடும். ஆண்டுகள் கழித்துச் சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் அவ்வீட்டில் வாழ இயலும். தொட்டியிலோ ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோ எடையுடன் தரை முழுவதும் அழுத்துவதால், அடித்தளமும் தரை முழுவதும் ஒரே பலகைபோல் விரிந்து, எடையை எங்கும் சமமாகப் பகிர வேண்டும். ஒரு மூலை பாறையிலும் மறு மூலை நிரப்பு மண்ணிலும் அமர்ந்தால், மண்ணில் அமர்ந்த மூலை மட்டும் இறங்கி, தளம் நடுவே பிளந்துவிடும்; பொறியாளர்கள் சீரற்ற அமிழ்வு என்று குறிப்பிடும் இக்குறை வீட்டுக்கு அழகுக் கேடு என்றால் தொட்டிக்கு உயிர்க் கேடு. புதைந்த தொட்டிக்கு இன்னொரு இடரும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது தொட்டி காலியாக இருந்தால், சுற்றியுள்ள நீர் அதைப் படகுபோல் மேலே தூக்க முயலும். தளத்தின் எடையே அதைக் கீழே பிடித்து வைக்கிறது.

சாம்பியன் ரீப்ஸின் நிலம் இவ்வகைக் கட்டுமானத்துக்கு எளிதில் இணங்காத நிலமாகும். ரீப் என்பது பாறைக்குள் ஓடும் பொன் கலந்த வெண்கல் நரம்பைக் குறிக்கும் சுரங்கத்தார் சொல். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1873இல் இப்பகுதியில் பொன் தேடும் உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. பழங்காலத்தவர் விட்டுச்சென்ற குழிகளைத் தொடர்ந்து ஆழமாகத் தோண்டியபோது சாம்பியன் நரம்பு அகப்பட்டது. அதன் பெயரையே சுரங்கமும் ஊரும் ஏற்றன. மேற்பரப்பில் செம்மண், அதன் கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழ் கருநிறப் படலப்பாறை என்பதே இங்குள்ள இயற்கை அடுக்கு. சுரங்கம் வளர வளர, உள்ளிருந்து வெட்டி வீசிய கல்லும், ஆலையில் அரைத்துப் பொன்னை எடுத்தபின் எஞ்சிய நுண்மணலும் மேட்டை மேலும் உயர்ந்த மேடாகவும் பள்ளத்தை நிரவலாகவும் மாற்றின. சயனைடு மேடுகள் என்று மக்கள் அழைக்கும் அம்மணற்குன்றுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்திருக்கிறது. நிரப்பு மண் எது, இயற்கை மண் எது என்று தோண்டிப் பார்த்தே அறிய வேண்டிய ஊரில், கடைக்கால் தோண்டுவது எப்போதுமே ஐயத்தோடு தொடங்கும் வேலையாயிற்று.

நிலம் அசையாமலும் இருக்கவில்லை. ஆழத்தில் பாறையை வெட்டி எடுத்த வெற்றிடங்களைச் சுற்றி அழுத்தம் திரண்டு, தாங்கமுடியாத ஒரு கணத்தில் பாறை வெடித்துச் சிதறுவதைப் பாறை வெடிப்பு என்பர். சாம்பியன் ரீப் சுரங்கம் இதற்குப் பெயர்போனது. சுரங்கத்துக்குள் உயிர்களைப் பறித்த அவ்வெடிப்புகளுள் பெரியவை தரைமேல் சிறு நிலநடுக்கமாக உணரப்பட்டு, வீட்டுச் சுவர்களைக் கீறின. 1912இலேயே இங்கு நிலநடுக்கப் பதிவுக் கருவி ஒன்று நிறுவப்பட்டதும், 1988இல் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் சாம்பியன் ரீப்ஸிலேயே அமைந்ததும் இந்த அசைவின் அளவைக் காட்டுகின்றன. சுரங்கத்தினுள் முதலில் மரத் தாங்கல்கள், பிறகு கருங்கல் சுவர்கள், பின்னர் கான்கிரீட் எனத் தாங்குபொருள் மாறி வந்தது. கான்கிரீட் இவ்வூரில் முதன்மையாக ஒரு சுரங்கப் பொருளாகவே மதிக்கப்பட்டது என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

மூன்று தொட்டிகளுள் முதலில் வந்தது பொன்னின் தொட்டி. தாதுக்கல்லை இரும்பு உலக்கைகள் இடித்துப் பொடியாக்க, பாதரசம் பூசிய தகடுகளில் பொன்னைப் பிடிக்கும் பழைய முறையில் ஒரு பகுதிப் பொன் மணலோடு தப்பிப் போயிற்று. ஸ்காட்லாந்தில் உருவாகி 1887இல் காப்புரிமை பெற்ற மெக்கார்தர் – ஃபாரஸ்ட் முறை அந்தத் தப்பிய பொன்னை நீர்த்த சயனைடு கரைசலில் கரைத்து மீட்டது. 1890களில் அது கோலாருக்கும் வந்தது. அகன்ற தொட்டிகளில் மணலை நிரப்பிக் கரைசலை ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, அடியில் வடிப்பது இதன் சாரம். தொட்டியின் அடியில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் கசிவது பொன் என்பதால், சயனைடு ஆலைகளில் தொட்டிகளைத் தரையோடு பதிக்காமல் கல் தூண்களின் மேலோ குட்டைச் சுவர்களின் மேலோ உயர்த்தி, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது உலக வழக்கமாயிற்று. மட்டம் பிசகினால் கரைசல் ஒரு பக்கமாக ஓடி, மறுபக்க மணலில் பொன் தங்கிவிடும். ஆகவே ரசமட்டம் வைத்து அங்குல அங்குலமாகச் சரிபார்த்த அடித்தளம் இங்கு நட்டக்கணக்கைத் தவிர்க்கும் கருவியாக இருந்தது.

அந்த அடித்தளங்கள் எப்பொருளால் ஆயின என்பதும் கருதத்தக்கது. இந்தியாவில் சிமென்ட் உற்பத்தி சென்னையில் 1904இல் சிறிய அளவில் முயலப்பட்டு, 1914இல் போர்பந்தரில்தான் நிலையாகத் தொடங்கியது. அதுவரை இங்கிலாந்திலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வந்த போர்ட்லேண்ட் சிமென்ட் விலைமிக்க சரக்கு. எனவே தென்னிந்தியக் கட்டுமானத்தின் பெரும்பகுதி சுண்ணாம்பையே நம்பியிருந்தது. சுக்கான்கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும், செங்கற்பொடியாகிய சுர்க்கியும், ஜல்லியும் சேர்த்து இடித்த சுண்ணாம்புக் கான்கிரீட் நீரிலும் இறுகும் தன்மையது. மைசூர் அரசின் கிருஷ்ணராஜ சாகர் அணையே சுர்க்கிக் காரையால் எழுந்ததாகும். கம்பியிட்ட கான்கிரீட்டின் வரலாறும் ஒரு தொட்டியில்தான் தொடங்குகிறது. ஜோசப் மோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர், செடி வளர்க்கும் சிமென்ட் தொட்டிகள் உடைவதைத் தடுக்க உள்ளே இரும்புக் கம்பிவலை பதித்து, 1867இல் காப்புரிமை பெற்றார். அழுத்தத்தைத் தாங்கும் கான்கிரீட்டுக்கு இழுவிசையைத் தாங்க இரும்பு துணை நின்ற அந்த எளிய கூட்டே பின்னாளில் உலகெங்கும் நீர்த்தொட்டிகளின் இலக்கணமாயிற்று.

இரண்டாவது தொட்டி குடிநீருக்கானது. 1891இல் 7,085ஆக இருந்த தங்கவயலின் மக்கள்தொகை 1901இல் 38,204ஆகப் பெருகியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் வெளியேறி, 1894இல் திறந்த மாரிக்குப்பம் ரயில் பாதை வழியாக வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர்களே அப்பெருக்கத்தின் பெரும்பகுதியினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. மழை குறைந்த மேட்டுநிலத்தில் கிணறுகள் இத்தனை பேருக்குப் போதவில்லை. நீராவி இயந்திரங்களின் கொதிகலன்களும் நீர் கேட்டன. பாலாற்றின் மேல்பகுதியில் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீரை வடிகட்டி, மேட்டுக்கு ஏற்றி, சுரங்கப் பகுதிகளுக்குப் பகிரும் நீர்நிலையம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மைசூர் அரசால் உருவாயிற்று. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து காவிரியின் மின்சாரம் இங்கு வந்து சேர்ந்ததையும் இதனோடு சேர்த்து நோக்கினால், இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றுக்கும் கிட்டாத வசதிகள் இச்சுரங்க ஊருக்குக் கிட்டியிருந்தன என்பது புலப்படும்.

நீர் வந்தால் கழிவுநீரும் வரும் என்பது நகர அமைப்பின் முதல் பாடம். குழாய் நீர் வந்த ஊரில் அந்நீரைக் கொண்டே கழிவை அகற்றும் வழியும் திறந்தது. ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்களும் மன்றங்களும் சிறிய இங்கிலாந்து என்று பேர்பெற்ற அளவுக்கு வசதியோடு அமைந்தன. தொழிலாளர்களின் குடியிருப்புகளோ வேறு உலகம். லைன் என்று இன்றும் வழங்கும் அந்த வரிசை வீடுகள் தொடக்கத்தில் மூங்கில் தட்டியால் அடைத்த ஒற்றை அறைகள். அவற்றுக்குத் தனிக் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பிடங்களில் கழிவு தகரத்திலோ தரையிலோ விழ, அதை மனிதர் கையால் வாரி வாளியிலும் வண்டியிலும் ஏற்றி அகற்றும் முறை நிலைத்தது. எடுப்புக் கக்கூஸ் என்று தமிழில் வழங்கிய இம்முறைக்குத் தொட்டியும் வேண்டாம், கடைக்காலும் வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அதே வேலைக்குப் பிறந்தவர்களாகக் கருதப்பட்ட ஒரு சமூகம் போதும் என்பதே நிர்வாகக் கணக்கு. மூன்றாவது தொட்டி வராமல் போனதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. வாளி தூக்குவோரின் கூலி கான்கிரீட்டைவிட மலிவாக இருந்ததே காரணம்.

தொழில்நுட்பம் காலத்தோடு கிடைத்தே இருந்தது. பிரான்சின் வெசூல் நகரில் ஜான் லூயி மூரா என்பவர் 1860 அளவில் காற்றுப்புகாத கழிவுத்தொட்டி ஒன்றைக் கட்டி, சில ஆண்டுகளுக்குப் பின் திறந்தபோது திடக்கழிவு பெரிதும் நீர்மமாகக் கரைந்திருப்பதைக் கண்டு, 1881இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் 1895 அளவில் இதை விரிவாக்கி, செப்டிக் டேங்க் என்னும் பெயரையும் கொடுத்தார். அழுகச்செய்யும் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பம்பாய் மாட்டுங்காவின் தொழுநோயாளர் இல்லத்தில் இத்தகைய தொட்டி அமைந்து, அதிலிருந்து வெளிப்பட்ட வாயு இயந்திரம் ஓட்டவும் பயன்பட்டது. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளும் தம் தொழிலாளர் கழிப்பிடங்களுக்கு இவற்றைக் கட்டின. கழிவுநீரியலில் உலகப்புகழ் பெற்ற கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். தங்கவயலிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுத் தொலைவிலேயே இத்துறையின் முதல்நிலை அறிவு குடிகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

கழிவைத் தொட்டியில் அடக்காததன் விலையையும் சுரங்க உலகம் அறிந்திருந்தது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி, வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோல்வழியே உடலில் நுழைந்து, குடலில் குருதியை உறிஞ்சும். ஆல்ப்ஸ் மலையின் செயின்ட் காட்ஹார்ட் சுரங்கப்பாதைத் தொழிலாளர்களிடம் 1880இல் இந்நோய் கண்டறியப்பட்டது. கார்ன்வால் பகுதியின் டால்கோத் சுரங்கத்தில் 1902இல் ஹால்டேன் என்னும் அறிவியலாளர் இதை உறுதிசெய்தார். கோலாரின் மேற்பார்வையாளர்களுள் பலர் அதே கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள். இலங்கையின் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு 1916இல் தொடங்கியபோது, மருந்து மட்டும் போதாது, கழிப்பிடமே நிலையான மருந்து என்பது வெளிப்பட்டது. வெறுங்காலோடு வெப்பமான ஆழத்தில் உழைத்தவர்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

செப்டிக் டேங்கின் செயற்பாடும் அதன் அடித்தளத்தின் தேவையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. உள்ளே வரும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது: எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும், கனமானவை வண்டலாக அடியில் படிந்து, காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிரிகளால் மெல்லச் செரிக்கப்படும். நடுவடுக்கு நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே ஊறல் குழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும். தொட்டி ஒருபக்கம் சாய்ந்தால் இந்த அடுக்குகள் குலைந்து வண்டலே வெளியேறும். தளம் பிளந்தால் செரிக்காத கழிவு நேரே நிலத்தடி நீரைச் சேரும். இதனாலேயே இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 2470 என்னும் நெறிநூல் குறைந்தது 1,000 லிட்டர் கொள்ளளவும், 750 மில்லிமீட்டர் அகலமும், 1 மீட்டர் நீர் ஆழமும், அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு நீளமும் வேண்டும் என்பதோடு கான்கிரீட் தளத்தையும் விதிக்கிறது. ஊறல் பகுதி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தும் பகை உண்டு. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஈரமான மேற்கூரையில் படிந்து, நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாக மாறி, சிமென்ட்டை அரிக்கிறது. இதை 1945இல் மெல்பர்னில் பார்க்கர் என்பவர் விளக்கினார். பழைய தொட்டிகளின் மூடிகள் திடீரென உள்வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் மாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனமாயின. உடைமை மாறியபோதும் வாளி மாறவில்லை. தங்கவயலின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் 1966இல் பிறந்த பெசவாடா வில்சன், தம் குடும்பத்தாரும் சுற்றத்தாரும் எடுப்புக் கக்கூஸ்களில் செய்த வேலையைக் கண்டு 1980களில் எதிர்ப்பைத் தொடங்கினார். நாடாளுமன்றம் 1993இல் எடுப்புக் கக்கூஸ்களாகிய உலர் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அதன்பின் வில்சன் முதலானோர் தங்கவயலின் உலர் கழிப்பிடங்களைப் படமெடுத்து வெளிக்கொணர்ந்த பிறகே நிறுவனக் குடியிருப்பில் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்களுக்கான மாற்றம் நிகழ்ந்தது. சஃபாயி கர்மசாரி அந்தோலன் என்னும் நாடு தழுவிய இயக்கம் இங்கிருந்துதான் வேர்பிடித்தது. வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்டுப் பரப்பிய அச்சகம் இயங்கிய சாம்பியன் ரீப்ஸ் நிலத்திலிருந்து, மானம் பற்றிய இன்னொரு குரலும் எழுந்தது தற்செயலன்று.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊதியம் நின்றாலும் மக்கள் லைன்களை விட்டுப் போகவில்லை. நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று உழைத்துத் திரும்புவோர் பெருகினர். நிறுவனம் செய்யாததைக் குடும்பங்கள் தம் செலவில் செய்யலாயின. நெருக்கமான வரிசை வீட்டுக்கு முன்னோ பின்னோ கிடைத்த சில அடி நிலத்தில் செப்டிக் டேங்க் என்ற பெயரால் தோண்டப்படுபவை, இந்தியச் சிற்றூர்கள் பலவற்றிலும் காண்பதுபோல், பெரும்பாலும் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய, அடித்தளமே இல்லாத குழிகளாகும். பழங்காலக் கீழடியில் நல்ல நீரை ஊறவைக்கச் சுடுமண் உறைகளை இறக்கிய அதே உத்தி, இங்கே கழிவை மண்ணில் கசியவிடும் உத்தியாகத் தலைகீழாயிற்று. அடித்தளம் இல்லாத குழி செலவைக் குறைத்தாலும், அக்கழிவு சேரும் நிலத்தடி நீரையே அருகிலுள்ள கிணறும் ஆழ்குழாயும் ஏற்றுகின்றன.

குழி நிறைந்தால் அதைத் துப்புரவாக்க மீண்டும் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். 2011இல் தங்கவயலில் கழிவுக்குழி ஒன்றில் இறங்கிய மூவர் உயிரிழந்தனர். மூடிய குழியில் தேங்கும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒரு மூச்சில் மயக்கி, காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்துக் கொல்வதே இத்தகைய மரணங்களின் இயல்பு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. 2023இல் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. உறுதியான தளமும், வண்டலை இயந்திரத்தால் உறிஞ்சத்தக்க திறப்பும், லாரி வந்து நிற்கும் வழியும் உள்ள தொட்டி எனில் அதற்குள் யாரும் இறங்கவேண்டிய தேவையே எழாது. இவ்வகையில் தொட்டியின் வடிவமைப்பு தொழிலாளரின் உயிர்ப்பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

சாம்பியன் ரீப்ஸ் மண்ணைத் தாங்கவைக்கும் அறிவில் ஒருகாலும் குறைந்திருந்ததில்லை. 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைத் தாங்கக் கருங்கல்லும் கான்கிரீட்டும் இறக்கிய ஊர் அது. பொன் கரைந்த நீர் ஒரு சொட்டும் சிந்தாதபடி தொட்டிகளை மட்டம்பார்த்து நிறுத்திய ஊர் அது. ஏரிநீரை மேட்டுக்கு ஏற்றிய ஊரும் அதுவே. அந்த அறிவு லைன் வீட்டின் வாசலை எட்ட நூறாண்டுகளுக்கு மேலாயிற்று, இன்னும் முழுமையாக எட்டவில்லை. பொன்னுக்கும் குடிநீருக்கும் போட்ட அடித்தளத்தை மூன்றாவது தொட்டிக்கும் போட்டு முடிக்கும் வரை அந்நகரத்தின் கட்டுமானம் நிறைவடைந்ததாகக் கொள்ள இயலாது.